இன்னும் இரண்டு முடியும்

திருக்கடையூரில் நாத்தனார் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். சடங்கு முடிகிற வரை மணைக்குப் பக்கத்தில் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆசீர்வாதம் வாங்க எல்லோரும் எழுந்தபோது என் கால்கள் மட்டும் எழவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன், இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன். கடைசியில் யாரோ இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் கல்யாண மாப்பிள்ளை. அறுபது வயதுக்காரர். எனக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

தஞ்சாவூர் திரும்பியதும் எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூட்டு பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. தொடையில சதைதான் இல்ல. வலிக்கு மாத்திரை எழுதித் தரேன். சதைக்கு நான் எழுதித் தர முடியாது, நீங்கதான் வளர்க்கணும்."

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். வாழ்நாள் முழுக்க விசையைப் பற்றிக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேனே தவிர, என் உடம்பில் அது எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் ஜிம் இருந்தது. விடியற்காலையில் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருந்தார்கள். சுடிதாரும் துப்பட்டாவுமாகப் போனேன். துப்பட்டாவை டிரெட்மில் இழுத்துவிடும் என்று முதல்நாளே கழற்றச் சொன்னார்கள். அப்போதிருந்த பயிற்சியாளர் என்னை மெஷின் மெஷினாக உட்கார வைத்தார். ஒன்றில் முழங்காலை நீட்ட வேண்டும், அது வலித்தது. இன்னொன்றில் கைகளை நெஞ்சுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். அது எதற்கென்றே புரியவில்லை. பிறகு ரோஸ் நிறத்தில் கிலுகிலுப்பை மாதிரி இரண்டு டம்பெல் தருவார். "லேடீஸுக்கு இது போதும் மேடம்" என்பார். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. வீட்டில் தரையில் உட்கார்ந்தால் கட்டில் காலைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

அந்தப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனதும் ஒரு பெண் வந்தாள். என் மாணவிகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம். கல்லூரியில் பளுதூக்கியவள். அவள் என்னை எந்த மெஷினிலும் உட்கார வைக்கவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டாள்:

"டீச்சர், உங்களால எதெது முடியல? அதச் சொல்லுங்க மொதல்ல."

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மடமடவென்று சொன்னேன். "தரையிலேருந்து எழுந்திரிக்க முடியல. பரண்ல இருக்கற அண்டாவ எறக்கினா தோள் வலிக்குது. சிலிண்டர நகத்தணும்னா எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்தா கை விட்டுப்போவுது."

"அவ்வளவுதானே? உக்காந்து எழறது, கீழ கெடக்கறத தூக்கறது, தலைக்கு மேல தள்ளறது, தன் பக்கம் இழுக்கறது, தூக்கிக்கிட்டு நடக்கறது. இதுல ஒவ்வொண்ணுக்கும் உங்க மூட்டு கோவிச்சுக்காத ஒரு வழி கண்டுபிடிப்போம். மிச்சமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த சில வாரங்கள் அந்த வழிகளைத் தேடுவதிலேயே போயின. ஒற்றைக்காலை முன்னால் வைத்து இறங்குகிற பயிற்சி எனக்கு ஆகவில்லை. முழங்காலுக்குள் ஊசி குத்தியது. "நல்ல பயிற்சிதான் டீச்சர், ஆனா உங்களுக்கு இல்ல" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஸ்குவாட்டுக்கு ஒரு உயரமான மரப்பெட்டியைப் பின்னால் வைத்து, அதில் பட்டும் படாமலும் உட்கார்ந்து எழச் சொன்னாள். வலிக்கவில்லை. வாரங்கள் போகப் போகப் பெட்டி தாழ்ந்தது. கீழே கிடப்பதைத் தூக்குகிற டெட்லிஃப்டுக்கு, எடை மாட்டிய கம்பியைத் தரையில் வைக்காமல் இரண்டு கட்டைகளின் மேல் வைத்தாள். முதுகு வளையாமல் எட்டுகிற உயரம் அதுதான் என்றாள். இடுப்பு இளக இளகக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"ஒரு பயிற்சி நமக்கு ஆவும்னு எப்படிம்மா கண்டுபுடிக்கறது?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி, காரணம் தெரியாமல் தூக்க மனம் வராது.

அவள் தண்ணீர் குடித்தபடி யோசித்தாள். "எந்தச் சதைக்குன்னு செய்யறோமோ அந்தச் சதைதான் மொதல்ல களைக்கணும். மூட்டுல வலி வரக்கூடாது. அப்புறம், போன வாரத்தவிட இந்த வாரம் கொஞ்சமாச்சும் கூட்ட முடியணும். கூட்டவே முடியாத பயிற்சி எவ்வளவு அழகா இருந்தாலும் அது டான்ஸ்தான்."

சிரித்துவிட்டேன். ரோஸ் டம்பெல்லோடு நான் ஆடியதெல்லாம் அதுதான்.

பயிற்சிகள் அமைந்துவிட்டன. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. எட்டோ பத்தோ தடவை விடாமல் செய்தால் அது ஒரு செட். ஒவ்வொரு செட் முடிந்ததும் அவள் கேட்பாள்: "இன்னும் எத்தன முடிஞ்சிருக்கும்?"

"ஒண்ணுகூட முடியாது" என்பேன். அதை நான் உண்மையாகவே நம்பினேன். தொடை எரியும், மூச்சு வாங்கும், நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கும். இதற்கு மேல் என்ன இருக்க முடியும்? அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் லெக் பிரஸ் மெஷினுக்கு அழைத்துப் போனாள். மல்லாக்கச் சாய்ந்து, எடையேற்றிய பலகையைக் காலால் மேலே தள்ள வேண்டும். பலகை ஒரு அளவுக்குக் கீழே வராதபடி இரண்டு பக்கமும் இரும்புத் தடை இருந்தது. அதை என் உயரத்துக்குப் பொருத்தினாள்.

"இன்னைக்கி நீங்க தோக்கப் போறீங்க. இதுல தோத்தா அடிபடாது. பலகை இந்தத் தடையில ஒக்காந்துக்கும். முடியலன்னு தோணும்போது நிறுத்தாதீங்க. கால் நின்னாத்தான் நிறுத்தணும்."

தள்ள ஆரம்பித்தேன். வழக்கமாக நான் நிறுத்துகிற இடம் வந்தது. தொடை எரிந்தது. நிறுத்தலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தள்ளுங்க."

தள்ளினேன். போனது. இன்னொன்றும் போனது. அதற்கப்புறம் அவள் எண்ணுவதையும் நிறுத்திவிட்டாள். நான் ஏதோ கத்தினேன். இனிமேல் ஒன்றுகூட இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இடத்தைத் தாண்டி, அதே அளவு மறுபடி தள்ளியிருந்தேன். அப்போதுதான் வேறொன்று நடந்தது. பலகையின் வேகம் குறைந்தது. நான் குறைக்கவில்லை, முழுப் பலத்தோடுதான் தள்ளுகிறேன். ஆனாலும் சேற்றில் இறங்கிய டிராக்டர் மாதிரி அது உறுமி உறுமி ஏறியது. அதற்கடுத்தது பாதியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, டங் என்று தடையில் உட்கார்ந்தது.

படுத்தபடியே சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷமாக என் உடம்பில் இவ்வளவு பெரிய அறை ஒன்று பூட்டிக் கிடந்திருக்கிறது!

"எரிச்சல நம்பாதீங்க டீச்சர். மூச்ச நம்பாதீங்க. வேகத்தப் பாருங்க" என்றாள் அவள். "முழுசாத் தள்ளியும் மெதுவாப் போச்சுன்னா கிட்ட வந்துட்டோம். இன்னும் ரெண்டோ மூணோதான் இருக்குன்னு அர்த்தம். அது வரைக்கும் போறதெல்லாம் சும்மா பேச்சு."

அன்று வீட்டுப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினேன். என் கணவர் பதறிப்போய், "என்ன ஆச்சு?" என்றார். "தோத்துட்டு வந்திருக்கேன்" என்றேன். ஆனால் என் முகத்தில் பெருமைதான் இருந்தது.

அதன்பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. எதைச் செய்தாலும் நிற்கிற வரை செய்தேன். அவள் பார்க்காத நேரத்தில் இன்னொரு செட், அதிலும் விளிம்பு வரை. ஒரு மாதம் ராஜாங்கம் நடத்தினேன். பிறகு முழங்கைகள் வலித்தன. தூக்கம் கெட்டது. வகுப்பில் சின்னச் சத்தம் வந்தாலும் எரிந்து விழுந்தேன். போன மாதம் சுலபமாகத் தூக்கிய எடை தரையை விட்டுக் கிளம்ப மறுத்தது.

அவளுக்குக் கோபம் வந்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

"விளிம்பு எங்க இருக்குன்னு தெரியணும்னுதான் ஒருதடவ கூட்டிக்கிட்டுப் போனேன். தினம் அங்க போயி குடியிருக்கச் சொல்லல. தரையிலேருந்து தூக்கறதுலயும் ஸ்குவாட்லயும் ரெண்டு மிச்சம் வைங்க. இன்னும் ரெண்டு முடியும்கறப்பவே கம்பிய கீழ வச்சிடணும். கைக்குச் செய்யற சின்னப் பயிற்சில வேணும்னா எப்பவாச்சும் கடைசி வரைக்கும் போங்க. அதுல ஒடம்பு சீக்கிரம் தேறிடும்."

"மெதுவாப் போற வரைக்கும் தூக்கலாம்னு நீதானம்மா சொன்ன?"

"மெதுவாப் போறது வேற, ஒடம்போட நெல கலையறது வேற. மெதுவாப் போனா போகட்டும். முதுகு வளைஞ்சா அந்த எடத்துலயே விட்டுடுங்க. அது தோல்வி இல்ல, வெவரம்."

ஒரு வாரம் எதையும் தூக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினாள். திரும்பி வந்து அவள் சொன்னபடியே செய்தேன். இரண்டு மிச்சம் வைத்தேன். வைக்க வைக்க அந்த இரண்டின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. கம்பி கிளம்பும்போதே இன்னும் எத்தனை இருக்கிறது என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்ல முடிந்தது. எடை மெல்ல மெல்ல ஏறியது. ஒருநாள் காலை என் உடம்பின் எடையையே தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றேன். ஜிம்மில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கம்பியைக் கீழே வைக்க மறந்துவிட்டு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் வீட்டில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கணவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நீடாமங்கலத்துக்கு அந்தப்பக்கம் எங்கள் நிலம். அவருடைய தம்பி சிங்கப்பூரில் இருப்பதால் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்திதான், ஊரில் இருந்து இரண்டு பங்கையும் பார்த்துக்கொள்கிறாள். அறுவடை என்றால் நாங்களும் போய்விடுவோம். "எதுக்குக்கா இந்த வயசுல? உழைச்சு ஓடாப் போனவங்க நாங்கெல்லாம் ஒக்காரலாமான்னு பாக்கறோம், நீங்க காசு குடுத்து மூட்டை தூக்கறீங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

குறுவை நெல் அறுத்த வருஷம் அது. மெஷின் வைத்து அறுத்து, நெல்லை ஊர்ப் பொதுக்களத்தில் காயவைத்து, நாற்பது கிலோ மூட்டைகளாகப் பிடித்து வாயைத் தைத்தாயிற்று. மறுநாள் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக லாரி வரும். மேட்டுப் பக்கம் அடுக்கியவற்றைத் தார்ப்பாயால் மூடியிருந்தோம். இடம் போதாமல் மிச்சத்தைக் களத்தின் பள்ளத்துப் பக்கம் அடுக்கியிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது கிழக்கே வானம் கறுத்தது. காற்று ஒரே வீச்சில் குளிர்ந்தது.

"பள்ளத்துல தண்ணி நிக்குமே" என்றாள் ஓரகத்தி. தார்ப்பாய் மேலே போட்டால் மழையைத் தடுக்கும். கீழே ஓடிவருகிற தண்ணீரை என்ன செய்வது? அடிமூட்டை நனைந்தால் ஈரம் மேலே ஏறும். ஈர நெல்லை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முளைத்தும்விடும்.

களத்தை ஒட்டிச் சமுதாயக் கூடம். மூன்று படி ஏறினால் அகலமான தாழ்வாரம். அங்கே சேர்த்துவிட்டால் போதும். மூட்டை தூக்குகிற ஆட்களுக்குப் போன் போட்டார் கணவர். பக்கத்து ஊரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் இதே வானம்தான். ஊர்க்காரர்கள் அவரவர் நெல்லோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நாமளே தூக்கிடலாம்" என்றேன்.

"வெளயாடாதம்மா. இது ஜிம்மு இல்ல" என்றார் அவர். சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டு ஓடினார்.

மூட்டைக்குக் கைப்பிடி கிடையாது. கம்பி மாதிரி சொன்னபடி கேட்காது; உள்ளே நெல் சரிந்து சரிந்து பக்கம் மாறும். முதல் மூட்டையில் நகம்தான் மடங்கியது. ஓரகத்தியிடம், "இத நிமித்தி நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். நான் குந்தி உட்கார்ந்து, குழந்தையை அணைப்பது போல மூட்டையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சோடு சேர்த்து இறுக்கி, எழுந்தேன்.

எழுந்துவிட்டேன். கால் தயங்கவே இல்லை. படி மூன்றையும் ஏறித் தாழ்வாரத்தில் இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் ஓரகத்தி அதே இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

"அடுத்தது நிறுத்தும்மா!"

அவள் நிறுத்த, நான் கட்டித் தூக்க, கணவர் முதுகில் சுமக்க, மூன்று பேரும் போய்ப் போய் வந்தோம். எத்தனை மூட்டை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றையும் இறக்கும்போது உள்ளுக்குள் ஒரே கேள்வி: இன்னும் எத்தனை? நிறைய இருந்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது. ஒரு மூட்டை படியேறும்போது வேகம் தணிந்ததை உணர்ந்தேன். முழு மனதோடுதான் ஏறுகிறேன், ஆனாலும் மெதுவாகப் போகிறது. இறக்கி வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தேன்.

"ஏன் நிக்கிற? மழை வருது பாரு!" என்று கணவர் கத்தினார். அவர் ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. படியில் கால் வைக்கும்போது முழங்கால் படபடவென்று ஆடியது.

"நீங்களும் வந்து ஒக்காருங்க."

"ஒக்காரவா? என்ன பேசற நீ?"

"கால் ஆடுது பாருங்க. இன்னும் ஒண்ணு தூக்குனா விழுந்துடுவீங்க. அப்புறம் நெல்லத் தூக்கறதா, உங்களத் தூக்கறதா? ஒக்காருங்க. மூச்சு அடங்கட்டும்."

பள்ளிக்கூடத்துக் குரல் என்னையறியாமல் வந்துவிட்டது. உட்கார்ந்தார். பெருந்துளிகள் களத்துச் சிமெண்டில் பொட்டுப் பொட்டாக விழுந்தன. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கடினமான வேலை எதையும் நான் செய்ததில்லை. ஓரகத்தி கையைப் பிசைந்தாள். நான் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அடங்கியதும் எழுந்தோம். உடம்பு புதிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்ய இருந்தது. சில மூட்டைகள், சின்ன ஓய்வு, மறுபடி சில மூட்டைகள் என்று மாற்றிக்கொண்டோம். கணவரும் அதன்பிறகு ஓடவில்லை, நடந்தார்.

மழை பிடித்துக்கொண்டபோது இன்னும் சில மூட்டைகள் கீழே இருந்தன. தண்ணீர் மேட்டிலிருந்து கோடு கோடாகப் பள்ளத்தை நோக்கி வர ஆரம்பித்தது. கணவரால் அதற்கு மேல் முடியவில்லை. தாழ்வாரத்தில் நின்று வாங்கி அடுக்குகிற வேலையை எடுத்துக்கொண்டார். ஓரகத்தி நிறுத்த நிறுத்த நான் தூக்கினேன். கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டு எழும்போது எனக்குத் தெரிந்தது, மிச்சம் என்று எதுவும் இல்லை. பாதி எழுந்த இடத்தில் அது நின்றே விட்டது போல இருந்தது. முதுகைக் கவனித்தேன். நேராக இருந்தது. கால் அகலம் சரியாக இருந்தது. மெதுவாகத்தான் போகிறது, கலையவில்லை. போகட்டும்.

"அக்கா, வுட்டுடுங்க அக்கா! ஒரு மூட்டைதானே!"

விடவில்லை. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்த பிறகு நடப்பது சுலபம். படி மூன்றும் வழுக்கின. ஓரகத்தி பின்னாலிருந்து என் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து ஏற்றிவிட்டாள். கணவர் மூட்டையை வாங்கிச் சுவரோடு சாய்த்தார்.

அந்தக் களத்துப் பள்ளம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளமாகியது. எங்கள் நெல் ஒரு மணிகூட அதில் இல்லை. ஓரகத்தி மூட்டைகளின் மேல் ஏறி நின்றுகொண்டு சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டாள். "இங்க பாருங்க! உங்க அண்ணி தூக்குனது இதெல்லாம்! பொய்யில்லங்க, கட்டிப்புடிச்சுத் தூக்குனாங்க!" என்று மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். போனை என் பக்கம் திருப்பினாள். என் தலையெல்லாம் நெல்தூசி, புடவையெல்லாம் சேறு. நான் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினேன். கொழுந்தன் அந்தப்பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்.

கணவர் தன் துண்டைப் பிழிந்து என் கையில் ஒட்டியிருந்த உமியைத் துடைத்துவிட்டார். பிறகு, "பசிக்குதா?" என்று கேட்டார்.

"கொலப் பசி" என்றேன்.

மழையிலேயே இறங்கிப் போய், வீட்டிலிருந்து சோற்றுக் குண்டானையும் கருவாட்டுக் குழம்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். தட்டு எடுத்துவர மறந்துவிட்டார். கூடத்துக்குப் பக்கத்தில் நின்ற வாழையில் ஓரகத்தி இலை அறுத்து வந்தாள். மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். எனக்குக் கை நடுங்கி, சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. அதைப் பார்த்து அவர்கள் சிரிக்க, நானும் சிரிக்க, குழம்பு தீருகிற வரை சாப்பிட்டோம்.